டிசம்பரில் ஒரு வாரம், திருவனந்தபுரத்தில்

(நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோலப்போட்டி பரிசளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். பசி நேரத்தில் பேசுகிறவனை யாரும் மன்னிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் பேச வேண்டியிருந்தது. ஏன் என்று கடைசிப் பகுதியில் உங்களுக்குப் புரியும். கூட்டத்துக்கு வராதவர்கள் கேட்டதால் இப்போது எழுதித் தருகிறேன். எழுதும்போது கொஞ்சம் நீண்டுவிட்டது.

டிசம்பரில் ஒரு வாரம் நான் விடியற்காலையில் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, இரவு கேட் பூட்டும் நேரத்துக்கு வருவதை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். கீழ்வீட்டு நண்பர் ஒருவர், "சபரிமலைக்கு மாலை போட்ட மாதிரியும் தெரியல, எங்கே சார் தினமும்?" என்று கேட்டார். திருவனந்தபுரத்துக்குச் சினிமா பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. நாகர்கோவிலில் தியேட்டர் இல்லையா என்று கேட்டார்.

நான் போவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு. எல்லாரும் ஐ.எஃப்.எஃப்.கே. என்றுதான் சொல்வார்கள். 1996-இல் தொடங்கிய விழா. இப்போது கேரள சலச்சித்ர அகாதெமி நடத்துகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் நடக்கும், நூற்றைம்பது படங்களுக்கு மேல் வரும். இந்த விழாவில் எனக்குப் பிடித்த விஷயம், போட்டிப் பிரிவை ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டத்துப் படங்களுக்கு மட்டும் ஒதுக்கியிருப்பது. ஐரோப்பியப் படங்களும் வரும், ஆனால் அவை வேறு பிரிவில். பரிசின் பெயர் சுவர்ண சகோரம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும்போது அது தங்கச் செம்போத்து ஆகிவிடுகிறது. நம் காம்பவுண்டுச் சுவரில் காலையில் வந்து உட்காருமே, அதே செம்போத்துதான்.

வங்கியிலிருந்து நான் ஓய்வு பெற்றது 2018-இல். முப்பத்தைந்து வருடம் காலை பத்து மணிக்குக் கவுண்டர் திறந்தவன் திடீரென்று பத்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவிதான் அந்த வருடம் விழாவுக்கு என்னைத் துரத்தினாள். பழைய நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். அவர் வந்த காரணம் வேறு. விழாப் படங்களுக்குச் சென்சார் சான்றிதழ் வேண்டாம் என்று எங்கோ கேட்டிருக்கிறார். அது உண்மைதான், விழாக்களுக்கு மத்திய அரசு அப்படி விலக்கு கொடுக்கிறது. ஆனால் அவர் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. முதல் படத்தில் ஒரு கிழவர் மலைமேல் ஆடு மேய்த்தார். இரண்டாவது படத்திலும் ஆடு வந்தது. நண்பர் மத்தியான ரயிலிலேயே திரும்பிவிட்டார்.

நான் இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாள் எனக்கும் பாதிப் படத்தில் தூக்கம் வந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஒருவர் டீ போட்டால் டீ கொதிக்கும் வரை கேமரா நிற்கிறது. அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. என்னுடையது லெட்ஜர் ஆங்கிலம். மூன்றாம் நாள் கண் பழகிவிட்டது. அதற்குப் பிறகு, நான் எழுத்தைப் படிக்கிறேன் என்பதே மறந்துபோனது.

விழாவில் பாதி விஷயம் வரிசையில்தான் நடக்கும். முன்பதிவு கிடைக்காதவர்கள் வரிசையில் நிற்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், தாடிக்காரர்கள். தாடிக்காரர்கள் நிறைய. எனக்கு முன்னால் நிற்கிற இருபது வயதுப் பையன் என்னிடம், "சேட்டா, ஈரான் படங்கள் கண்டோ?" என்று கேட்பான். நான் பாங்கில் இருந்தவன் என்று சொன்னால் மரியாதை குறையாது. நடுவில் பசித்தால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய, நத்தைக்கூடு மாதிரிச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் செங்கல் கட்டடம். மாடிப்படியே கிடையாது, சரிவிலேயே நடந்து ஏறலாம். அங்கே பீட்ரூட் போட்ட மசால் தோசை தருவார்கள். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.

என்ன மாதிரிப் படங்கள் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு மூன்று சொல்கிறேன். இவற்றையெல்லாம் விழாவிலேயே பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். பாதிப் படங்கள் வரிசையில் யாராவது பெயர் சொல்லி, வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தவை.

கொரியாவின் கிம் கி-டுக்கைக் கேரளத்தில் தெரியாதவர்கள் குறைவு. 2013-இல் அவர் விழாவுக்கு வந்தபோது நம்மூர் நடிகருக்குக் கூடுவது போலக் கூட்டம் கூடியதாம். அவருடைய '3-அயர்ன்' என்ற படம் 2004-இல் வந்தது. நம் மாதிரிக் குடியிருப்போர் சங்கங்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம். ஒரு பையன் வீட்டு வாசல்களில் விளம்பர நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறான். திரும்பி வந்து, எந்த வீட்டு நோட்டீஸ் கிழிபடாமல் இருக்கிறதோ அந்த வீட்டுக்குள் பூட்டைத் திறந்து நுழைகிறான். திருட மாட்டான். குளிப்பான், சமைத்துச் சாப்பிடுவான், அந்த வீட்டு அழுக்குத் துணியைத் துவைத்துக் காயப்போடுவான், ஓடாத கடிகாரத்தைப் பழுது பார்ப்பான். போய்விடுவான். படம் முழுக்க அவன் பேசுவதே இல்லை. ஊருக்குப் போகும்போது வாசலில் கிடக்கும் நோட்டீஸை எடுக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது இந்தப் படம் பார்த்த பிறகுதான். கிம் மீது பிற்பாடு நடிகைகள் கடுமையான குற்றச்சாட்டுகள் சொன்னார்கள். அதிலிருந்து அவர் படத்தை நான் பழைய மனதோடு பார்க்க முடிவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நெருக்கமானவை ஈரான் படங்கள். அப்பாஸ் கியாரஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே', 1987. அகமது என்ற சிறுவன் பக்கத்தில் உட்காரும் நண்பனின் நோட்டைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் நண்பனைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். நண்பனின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். வீடு தெரியாது. கதை அவ்வளவுதான். பெரியவர்கள் ஒருவராவது அவன் சொல்வதைக் காதில் வாங்க வேண்டுமே! தாத்தா அவனைச் சிகரெட் வாங்கி வரச் சொல்கிறார். சிகரெட் அவரிடமே இருக்கிறது. பையன் சொன்னதைக் கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காக அனுப்புகிறார். நான் தாத்தாவாகிவிட்ட பிறகு பார்த்த படம். என் பேரனிடம் நான் அதையே செய்ததுண்டு.

1990-இல் அந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. படத்தில் நடித்த சிறுவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கியாரஸ்தமி காரை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். அந்தத் தேடலையே பிறகு இன்னொரு படமாக எடுத்தார்.

மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்டு, இருக்கிற ஒரு ஜோடியை இருவரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவார்கள். 2022-இல் தமிழிலேயே 'அக்கா குருவி' என்று எடுத்தார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதிலிருந்து தொடங்கலாம். தூக்கம் வராது.

இந்தப் படங்களை எடுக்கிறவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதும் விழாவுக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது. ஜாஃபர் பனாஹிக்கு 2010-இல் ஆறு வருடச் சிறைத் தண்டனையும், இருபது வருடம் படமே எடுக்கக் கூடாது என்ற தடையும் விதித்தார்கள். தடையிலேயே, வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தார். அதற்கு 'இது திரைப்படம் அல்ல' என்று பெயர் வைத்தார். 2022 டிசம்பரில் நம் பக்கத்து ஊர் விழாவிலேயே ஒன்று நடந்தது. ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு ஒரு விருது அறிவித்திருந்தார்கள். அவரால் நாட்டை விட்டு வர முடியவில்லை. தன் தலைமுடியை வெட்டிக் கொடுத்தனுப்பினார். கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி அவர் சார்பில் மேடையேறி அந்த முடியைத் தூக்கிக் காட்டினார். ஈரானில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. நான் அந்த வாரம் பார்த்த படங்களில் பாதி மறந்துவிட்டது. அந்த முடி மறக்கவில்லை.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2019 விழாவில் வரிசையில் நின்றபோது ஒரு பெண்மணி, என் வயதிருக்கும், அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' பார்த்தீர்களா என்று கேட்டார். 2011-இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய படம், அடுத்த வருடம் ஆஸ்கர் வாங்கிய முதல் ஈரானியப் படம். பார்க்கவில்லை என்றேன். வயதான அப்பா அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து ஒரு மத்தியானம் பார்த்தேன்.

டெஹ்ரானில் ஒரு நடுத்தரக் குடும்பம். ஏறக்குறைய நம் ஃபிளாட் மாதிரியே மாடி வீடு. மனைவி சிமின் வெளிநாடு போய்விடலாம் என்கிறாள். கணவன் நாதருக்கு நினைவு தப்பிய அப்பாவை விட்டுப் போக மனமில்லை. மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போக, அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கிறான். ராசியே என்று பெயர். கர்ப்பிணி. சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு தூரத்திலிருந்து வருகிறாள். முதல் நாளே கிழவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். அந்நிய ஆணுக்கு உடை மாற்றுவது பாவமாகுமா என்று அவள் ஒரு மதப் பெரியவருக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். கேட்டுவிட்டுச் செய்கிறாள்.

ஒரு நாள் நாதர் சீக்கிரம் வீடு திரும்புகிறான். அப்பா கட்டிலில் கை கட்டப்பட்டுக் கீழே விழுந்து கிடக்கிறார். ராசியே வீட்டில் இல்லை. டிராயரில் வைத்த பணமும் குறைகிறது. அவள் வந்ததும் சண்டை. திருடி என்கிறான், வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். அதற்கப்புறம் கோர்ட், கேஸ். அதை நீங்களே பாருங்கள். இங்கே நான் சொல்ல வந்தது அந்தப் பணத்தை மட்டும். படத்தின் தொடக்கத்தில், பியானோவைப் படியில் இறக்க வந்த ஆட்கள் கூடுதலாகக் கூலி கேட்கிறார்கள். சிமின் டிராயரிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். நம் கண் முன்னாலேயே நடக்கிறது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு மறந்துபோனேன். நாதர் பணம் காணோம் என்று கத்தும்போது, நானும் அவனோடு சேர்ந்து அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். படம் முடிந்து, திரும்ப முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

என்னுடைய அம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தது நம் பிளாக்கில் பழைய ஆட்களுக்குத் தெரியும். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு அவள் ஊட்டினால்தான் இறங்கும். நானோ என் மனைவியோ ஸ்பூனை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். ஒரு நாள் அலமாரியில் வைத்த 6,500 ரூபாயைக் காணவில்லை. நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். திட்டவில்லை, கத்தவில்லை. பாங்க் குரலில் கேட்டேன். அது திட்டுவதை விட மோசம் என்று இப்போது தெரிகிறது. "நான் எடுக்கல சார்" என்றாள். மறுநாளிலிருந்து வரவில்லை. அம்மா ஒரு வாரம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து மாதத்தில் இறந்தும்போனார்.

வங்கியில் கேஷ் குறைந்தால் முதலில் என்ன செய்வோம் தெரியுமா? யாரையும் பார்க்க மாட்டோம். நம் வவுச்சரைத்தான் பார்ப்போம். பண்டலைத் திரும்ப எண்ணுவோம், நாமே போட்ட கூட்டலைத் திரும்பக் கூட்டுவோம். பத்தில் ஒன்பது தடவை தப்பு நம் கையில்தான் இருக்கும். முப்பத்தைந்து வருடம் அதைச் செய்தவன், என் வீட்டில் செய்யவில்லை. அடுத்த வருடம் வருமான வரிக்காக எல்.ஐ.சி. ஃபைலைப் பிரித்தபோது, ஒரு கவருக்குள் அந்தப் பணம் இருந்தது. மேலே என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு, 500 × 13, கீழே தேதி. பிரீமியம் கட்ட எடுத்து வைத்திருக்கிறேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டோம். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்து, மார்த்தாண்டம் பக்கம் அவள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறாளாம், கை விரலெல்லாம் கறுத்திருந்தது. நாற்காலி போட்டாள். கட்டன் சாயா கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டி கடைசியில யாரு கையால சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

டியூப் வழியாகத்தான் கொடுத்தோம். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவனாகத் தெரிவேன். இரண்டு வருடத்துக்கு முன் நம் சங்கத்தில், வேலைக்கு வருகிற பெண்கள் சாயங்காலம் போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. படத்தைப் பார்த்த பிறகு, அவள் வீட்டில் சாயா குடித்துவிட்டு வந்த பிறகு போட்ட கையெழுத்து. எல்லாரும் போட்டார்கள், பேனா என்னிடம் வந்தது, போட்டேன். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். களவு போன வீட்டுக்காரர்களுக்கு என் மேல் வருத்தம் இருக்கும். அவர்கள் நகை போனது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக இருபது பெண்கள் தினமும் சாயங்காலம் பையைத் திறந்து, டிபன் பாக்ஸை வாட்ச்மேனிடம் காட்டிவிட்டுப் போவதை நான் இனி பால்கனியில் நின்று பார்க்க மாட்டேன். செயற்குழுவில் வந்து பேசுகிறேன். நீங்களும் வந்து எதிர்த்துப் பேசுங்கள்.

ஒரே ஒரு படம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 'எ சிம்பிள் லைஃப்', ஹாங்காங் படம், 2011. ஆன் ஹுய் என்ற பெண் இயக்குநர். ஒரே குடும்பத்தில் அறுபது வருடம், நாலு தலைமுறைக்கு வீட்டு வேலை செய்த ஆ தாவ் என்ற அம்மாளுக்குப் பக்கவாதம் வருகிறது. குடும்பத்தில் எல்லாரும் அமெரிக்கா போய்விட, மிஞ்சியிருப்பது அவர் வளர்த்த ராஜர் ஒருவன். அவரே தன்னை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார். அங்கே மற்றவர்கள் இவன் யார் என்று கேட்கும்போது, ஞானமகன் என்று பதில் வருகிறது. நம் மாவட்டத்தில் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மாளாக நடித்த டீனி இப் வெனிஸில் சிறந்த நடிகை விருது வாங்கினார். ஒரு தயாரிப்பாளர் தன் வீட்டில் நடந்ததை வைத்து எழுதிய கதை. பெரிதாக அழ வைக்க மாட்டார்கள். மீனை எப்படி வேக வைக்க வேண்டும் என்பதில் அந்த அம்மாளுக்கு இருக்கும் கறார்த்தனத்தைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள்.

அடுத்த விழா வழக்கம்போல டிசம்பரில் வரும். பதிவு இணையத்தில்தான். கட்டணம் ஆயிரத்துச் சொச்சம் ஆகும், மாணவர்களுக்குக் குறைவு. இணையத்தில் பதிவு செய்யத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் செய்து தருகிறேன். காலை ரயிலில் போனால் குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி, முதல் காட்சிக்குச் சேர்ந்துவிடலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நடக்கும் தூரத்தில் கைரளி தியேட்டர். போர்வை ஒன்று கொண்டு வாருங்கள், ஏ.சி. அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓர ஸீட்டாகப் பார்த்து உட்காருங்கள். ஆடு மேய்க்கிற படம் வந்தால் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் காபி ஹவுஸுக்கு வந்துவிடுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.